சங்கிலி எங்கே அறுகிறது: ரேடிக்கல் பாலிமராக்கலில் அறிகுறி பார்த்துப் பழுது நீக்குதல்

ஆய்வகத்தில் யாராவது வந்து "ரியாக்‌ஷன் வரலை" என்றால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: தொடங்கவே இல்லையா, தொடங்கிப் பாதியில் நின்றதா, ஊர்ந்து ஊர்ந்து போகிறதா? மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. பதில் தெரியாமல் துவக்கியை இரட்டிப்பாக்கினால் பழுது போகாது, மறைந்துகொள்ளும்.

துவக்கி என்ற சேர்மம் உடைந்து ரேடிக்கலை, அதாவது இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட துண்டைத் தரும். அது மோனோமர் என்ற சிறு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பாலிமர் சங்கிலியாக வளரும். வளரும் சங்கிலி எப்படியும் நிற்கத்தான் போகிறது. சாதாரண ரேடிக்கல் பாலிமராக்கலில் ஒரு சங்கிலியின் ஆயுள் பெரும்பாலும் சில வினாடிகள்தான். இன்னொரு சங்கிலியோடு இணைந்து நிற்கும். அல்லது ஒன்று ஹைட்ரஜனைக் கொடுக்க, மற்றது வாங்க, இரண்டும் அடங்கும். அல்லது கரைப்பானிடமோ தயோலிடமோ (கந்தகம்-ஹைட்ரஜன் தொகுதி கொண்ட சேர்மம்) ரேடிக்கலைக் கைமாற்றிவிட்டு ஒதுங்கும். அல்லது ஆக்சிஜனிடமோ தடுப்பானிடமோ (மோனோமர் பாட்டிலிலேயே கெட்டியாகாமலிருக்கக் கலப்பது) மாட்டும். உங்கள் குடுவையில் எந்த வழி ஓங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதே இங்கே வேலை.

## எதையும் மாற்றுவதற்கு முன்

நேரத்துக்கு எதிராக எவ்வளவு மோனோமர் மாறியிருக்கிறது என்று ஒரு வரைபடம் வேண்டும். ஐந்தாறு புள்ளிகள் போதும். கடைசியில் ஒரே ஒரு தடவை எடை போட்டு "40 சதவீதம்" என்று எழுதி வைத்தால் அதிலிருந்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

மாதிரி எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. நைட்ரஜனால் இரண்டு மூன்று முறை அலசிய சிரிஞ்சில் அரை மி.லி. எடுங்கள். பனிக்கட்டியில் வைத்த சிறு குப்பியில் விட்டு, மூடியைத் திறந்து காற்றுப்பட விடுங்கள், ஒரு சிட்டிகை ஹைட்ரோகுவினோன் என்ற தடுப்பானைப் போடுங்கள். இதைச் செய்யாமல் மாதிரியை நேராக 100 டிகிரி அவனில் உலர வைப்பவர்கள் நிறைய. மோனோமர் ஆவியாகும் முன்பே ஒரு பகுதி அங்கேயே பாலிமராகிவிடும். எடை கூடுதலாக வரும். குடுவையில் நின்றுபோன வினை காகிதத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

கூடவே குடுவையின் உள் வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். சூடேற்றும் தட்டின் திரையில் தெரியும் எண் வேறு, திரவத்தின் வெப்பம் வேறு.

## அறிகுறி 1: மணிக்கணக்காகியும் தண்ணீர் போலவே இருக்கிறது

ஒரு சொட்டை மெத்தனாலில் விடுங்கள். ஸ்டைரீனோ மெத்தில் மெத்தக்ரிலேட்டோ (இனி எம்எம்ஏ) என்றால், பாலிமர் கொஞ்சம் இருந்தாலும் வெள்ளையாகக் கலங்கும். கலங்கவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது சங்கிலிகள் மிகக் குட்டையாக இருக்கின்றன. பின்னதற்கு அறிகுறி 4-ஐப் பாருங்கள்.

### கிளை அ: காத்திருந்தால் திடீரெனத் தொடங்கி, பிறகு இயல்பான வேகத்தில் ஓடுகிறது

வரைபடம் முதலில் தரையோடு கிடந்து, பிறகு சட்டென்று எழுகிறது. முளைக்கும் ரேடிக்கலையெல்லாம் ஏதோ ஒன்று விழுங்கிக்கொண்டிருந்து, அது தீர்ந்ததும் வினை தொடங்கியிருக்கிறது. விழுங்கியது ஆக்சிஜன் அல்லது மோனோமரோடு வந்த தடுப்பான். இந்த வரிசையிலேயே சந்தேகப்படுங்கள்.

ஏன் ஆக்சிஜன் முதலில்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றோடு சமநிலையில் இருக்கும் 100 மி.லி. டொலுவீனில் ஏறத்தாழ 0.2 மில்லிமோல் ஆக்சிஜன் கரைந்திருக்கும். குடுவையில் திரவத்துக்கு மேல் 100 மி.லி. காற்று இருந்தால் அதில் மட்டும் 0.85 மில்லிமோலுக்கு மேல். இப்போது ஏஐபிஎன் என்ற துவக்கியின் பக்கம்: 33 மில்லிகிராம் போட்டால் அதுவே 0.2 மில்லிமோல்தான். 60 டிகிரியில் அதன் அரை ஆயுள் 20 மணி நேரத்தை ஒட்டி இருப்பதால், முதல் ஒரு மணி நேரத்தில் உடைவது சுமார் 3 சதவீதம். உடைந்ததிலும் ஒரு பகுதி கரைப்பான் மூலக்கூறுகள் சூழ்ந்த கூண்டுக்குள்ளேயே தங்களுக்குள் இணைந்து வீணாகும். ஆக்சிஜன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மேலே இருக்கும் காற்றை மறந்துவிட்டுத் திரவத்தில் மட்டும் நைட்ரஜன் குமிழ் விட்டால் வேலைக்கு ஆகாது என்பதும் இதிலிருந்தே தெரியும்.

தடுப்பானை இதனோடு ஒப்பிடுங்கள். ஸ்டைரீனில் பொதுவாக 10 முதல் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) டெர்ட்-பியூட்டைல் கேட்டகால் இருக்கும். 100 மி.லி.க்கு அது 0.01 மில்லிமோல்கூட வராது. போதாததற்கு, கேட்டகாலும், எம்இஎச்க்யூ என்ற இன்னொரு தடுப்பானும் சரியாக வேலை செய்யவே ஆக்சிஜன் கூட இருக்க வேண்டும். அலுமினா பத்தியில் (தூள் நிரப்பிய வடிகுழாய்) மோனோமரைச் சொட்டுச் சொட்டாக இறக்கி அரை நாள் செலவழிப்பவர்கள், நைட்ரஜன் ஊசியை ஐந்து நிமிடம் செருகிவிட்டு எடுத்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அக்கறை இடம் மாறிப் போயிருக்கிறது.

பார்க்க வேண்டியவை, எளிதிலிருந்து:

நைட்ரஜன் ஊசியின் நுனி திரவத்துக்குள் அடிவரை போகிறதா? வெளியேறும் ஊசி உண்டா? கடைசி ஐந்து நிமிடமாவது நுனியை மேலே இழுத்து மேல்வெளியை அலசினீர்களா? வாயுவை நிறுத்தும்போது முதலில் வெளியேறும் ஊசியை எடுத்தீர்களா, உள்ளே வரும் ஊசியையா? பின்னதென்றால் அந்த நொடியில் காற்று உள்ளே வந்துவிடும்.

செப்டத்தை (ஊசி குத்தும் ரப்பர் மூடி) பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். பலமுறை குத்திய செப்டம் சல்லடைதான். புதியதைப் போடுங்கள், செலவு ஒன்றுமில்லை.

குமிழ் விடுவதை 20, 30 நிமிடமாக்குங்கள். எம்எம்ஏ போல எளிதில் ஆவியாகும் மோனோமரைப் பனிக்கட்டியில் வைத்துக் குமிழ் விடுங்கள். இல்லாவிட்டால் வாயுவோடு மோனோமரும் போய், கணக்கு முழுக்கப் பிசகும்.

பிறகும் தாமதம் மாறவில்லை என்றால் தடுப்பானை நீக்குங்கள். ஸ்டைரீன், எம்எம்ஏ இரண்டையும் கார அலுமினா பத்தியில் இறக்கினால் போதும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவி, தண்ணீரால் அலசி, உலர்த்துவதும் பழைய நல்ல வழிதான். ஸ்டைரீனைக் கழுவும்போது கீழடுக்கு நிறமேறினால் கேட்டகால் வெளியே வருகிறது என்று பொருள். அக்ரிலிக் அமிலத்துக்கு இந்த இரண்டு வழியும் ஆகாது: காரத்தோடு உப்பாகிவிடும். அதில் எம்இஎச்க்யூ 200 பிபிஎம் அளவில் இருப்பதும் வழக்கம். அங்கே மட்டும் தடுப்பானின் கணக்கு ஆக்சிஜனின் கணக்கை நெருங்கும். குறைந்த அழுத்தத்தில் வடிக்க வேண்டும், அல்லது துவக்கியைச் சற்றுக் கூட்டித் தடுப்பானை எரித்துத் தீர்க்க வேண்டும்.

கடைசி வழி, உறையவைத்து வெற்றிடமிழுத்து உருக்குவது, மூன்று சுற்று. குழாயில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். தண்ணீர்க் கரைசல் என்றால் உறையும்போதே கண்ணாடி விரியலாம். திரவ நைட்ரஜனில் குழாய் இருக்கும்போது காற்றையோ ஆர்கானையோ உள்ளே விடவே கூடாது. இரண்டுமே அந்தக் குளிரில் உறைந்தோ திரவமாகியோ தங்கி, வெளியே எடுத்ததும் வாயுவாகப் பொங்கிக் குழாயை வெடிக்க வைக்கும். வெற்றிடக் குழாய் அமைப்பில் பழக்கமில்லாதவர் இதைத் தனியாகச் செய்யக் கூடாது. பழகியவரை அழைத்து அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

### கிளை ஆ: கடைசிவரை தொடங்கவே இல்லை

வெப்பமானியைத் திரவத்துக்குள் விட்டுப் பாருங்கள். 70 என்று நினைத்த இடத்தில் 58 இருப்பது சகஜம். துவக்கிக்கும் வெப்பநிலைக்கும் பொருத்தம் உண்டா என்றும் பாருங்கள். ஏஐபிஎன்னின் அரை ஆயுள் 10 மணி நேரமாக இருப்பது 65 டிகிரியை ஒட்டி. பென்சாயில் பெராக்சைடுக்கு அது 73 டிகிரிப் பக்கம். ஏஐபிஎன்னுக்கு எழுதிய செய்முறையில் பெராக்சைடை மாற்றிப் போட்டு அதே 60 டிகிரியில் வைத்தால் குடுவை தூங்கும்.

அடுத்தது துவக்கியின் வயது. அம்மோனியம் பெர்சல்ஃபேட் ஈரம் இழுத்து வலுவிழக்கும். புதியதில் தண்ணீர் விட்டால் படபடவென்று மெல்லிய சத்தம் கேட்கும். சத்தமே இல்லாத பழைய பொடியை நம்பாதீர்கள். கரைசலை அன்றன்று தயாரிப்பதே மேல். ஏஐபிஎன்னை மெத்தனாலில் மறுபடிகமாக்கிக் குளிரில் வைத்திருந்தால் சந்தேகமே எழாது.

மாற்றுச் சோதனை: இதே துவக்கியை, நன்றாக ஓடும் என்று தெரிந்த வேறொரு மோனோமரில் போடுங்கள். ஓடினால் குற்றவாளி மோனோமரோ கரைப்பானோ. ஓடாவிட்டால் துவக்கியோ நைட்ரஜனோ. இரண்டு சிறு குப்பிகளில் ஒரு மாலையில் முடிகிற வேலை, பல நாள் ஊகத்தை மிச்சப்படுத்தும்.

மாசு என்ற கிளையில் வழக்கமான பெயர்கள்: தாமிர உப்பு, இரும்பின் ஃபெரிக் உப்பு, கந்தகம், நைட்ரோ சேர்மங்கள், ரப்பர் அடைப்பிலிருந்து கரைப்பான் இழுத்த சேர்க்கைப் பொருட்கள், முந்தைய வினையை நிறுத்தப் போட்ட ஹைட்ரோகுவினோனின் மிச்சம். வினைல் அசிட்டேட் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: குடுவையில் ஸ்டைரீன் துளி ஒட்டியிருந்தால்கூடப் போதும். வினைல் அசிட்டேட் ரேடிக்கல் ஸ்டைரீனைப் பாய்ந்து பிடிக்கும். அதில் பிறக்கும் ஸ்டைரீன் ரேடிக்கலோ வினைல் அசிட்டேட்டைச் சீண்டாது. சங்கிலி அங்கேயே உட்கார்ந்துவிடும். இரண்டுக்கும் கண்ணாடிச் சாமான்களைப் பிரித்தே வையுங்கள்.

எல்லாம் சரி என்றால் மோனோமரின் இயல்பையே கேளுங்கள். அல்லைல் சேர்மங்கள் தங்கள் ஹைட்ரஜனைத் தாங்களே கொடுத்துச் சங்கிலியைச் சோம்பேறி ரேடிக்கலாக்கிவிடும். ஆல்ஃபா-மெத்தில் ஸ்டைரீனுக்கு உச்சவரம்பு வெப்பநிலை தூய நிலையிலேயே 61 டிகிரிதான். அதற்கு மேல் சூடாக்கச் சூடாக்கச் சங்கிலி கட்டப்படுவதைவிட அவிழ்வதே அதிகம். இங்கே பழுது நீக்க எதுவுமில்லை, வேறு வழிமுறை வேண்டும்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: பழைய பெராக்சைடு பாட்டிலின் மூடியைச் சுற்றிப் படிகம் பூத்திருந்தாலோ, ஈரத்தோடு வந்த பென்சாயில் பெராக்சைடு முழுக்க உலர்ந்து கிடந்தாலோ, சுரண்டாதீர்கள், திருகாதீர்கள். பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: தொடங்குகிறது, ஆனால் முதலிலிருந்தே ஆமை வேகம்

தாமதம் இல்லை, கோடு முதல் நிமிடத்திலிருந்தே சாய்வு குறைந்து ஓடுகிறது. இங்கே எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஒரே மோனோமர், ஒரே கரைப்பான், இரண்டு குடுவைகள்; ஒன்றில் துவக்கி ஒரு பங்கு, மற்றதில் நான்கு பங்கு. ஆரம்ப வேகங்களை ஒப்பிடுங்கள்.

வேகம் சுமார் இரண்டு மடங்கானால், சங்கிலிகள் ஒன்றோடொன்று மோதித்தான் நிற்கின்றன. அதாவது எல்லாம் முறைப்படி நடக்கிறது, செய்முறையே மந்தமானது. மோனோமரின் அடர்வைக் கூட்டுங்கள், அல்லது வெப்பநிலையைக் கூட்டுங்கள்.

வேகம் ஏறத்தாழ நான்கு மடங்கானால், ஒவ்வொரு சங்கிலியையும் தனித்தனியே வேறு ஏதோ ஒன்று கொல்கிறது. கரைப்பானை மாற்றிப் பாருங்கள். நைட்ரோபென்சீன் போன்றவை வினையை நிறுத்தாது, இழுத்துப் பிடிக்கும். மெதுவாக உள்ளே கசியும் காற்றும் இதே கோட்டைத்தான் வரையும். ஆகவே மூட்டுகளையும் நைட்ரஜன் குழாயையும் இன்னொரு தடவை பாருங்கள்.

புதுக் கரைப்பான், புது செப்டம், புதிதாகச் சுத்தம் செய்த மோனோமர் எல்லாம் போட்டும் நான்கு மடங்கே வந்தால், மோனோமரை வாயு நிறப்பகுப்பாய்வுக்கு அனுப்பி மாசு என்னவென்று பார்க்கும் நேரம் வந்துவிட்டது. கையால் கண்டுபிடிக்க முடிகிற எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

## அறிகுறி 3: நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, பாதியில் நின்றுவிட்டது

முதலில் கண்ணால் பாருங்கள். மேலே மோனோமர் வாசனை வீசுகிறதா, கரைப்பான் மட்டம் இறங்கியிருக்கிறதா, பாலிமர் வெள்ளையாகப் பிரிந்து அடியில் ஒட்டியிருக்கிறதா, ஸ்டிரர் சுற்றுகிறதா? இவை எதுவும் இல்லை என்றால் கிளை பிரியுங்கள்.

### சோதனை ஒன்று: நைட்ரஜன் ஊதிய புதுத் துவக்கியைக் கொஞ்சம் சேருங்கள்

மீண்டும் ஓடினால் துவக்கி தீர்ந்திருந்தது. நீண்ட நேர வினைகளில் இது அடிக்கடி நடக்கும், கண்ணில் படாது. 80 டிகிரியில் ஏஐபிஎன்னின் அரை ஆயுள் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. இரவு முழுக்க 80-ல் வைத்திருப்பதாகப் பெயர். நள்ளிரவுக்கு முன்பே உள்ளே ரேடிக்கல் பிறப்பது ஏறக்குறைய நின்றிருக்கும். வெப்பநிலையைக் கூட்டினால் வினை முழுமையடையும் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. வெப்பத்தைக் குறையுங்கள், அல்லது துவக்கியைப் பகுதி பகுதியாகச் சேருங்கள்.

சேர்க்கும் முன் ஒரு நிபந்தனை: மோனோமர் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்துவிட்டுச் சேருங்கள். 20 சதவீதத்தில் நின்ற தூய மோனோமரில் கண்மண் தெரியாமல் துவக்கி கொட்டினால் நேராக அறிகுறி 5-க்குப் போய்விடுவீர்கள்.

### சோதனை இரண்டு: துவக்கி சேர்த்தும் அசையவில்லை என்றால் வெப்பத்தைக் கூட்டுங்கள்

கூட்டியதும் ஓடினால், கலவை கண்ணாடியாக உறைந்திருந்தது. கரைப்பானில்லாத எம்எம்ஏவில் இது தவறாமல் நடக்கும். பாலிஎம்எம்ஏயின் கண்ணாடி மாற்ற வெப்பநிலை (அதற்குக் கீழே பொருள் கண்ணாடிபோல் இறுகிவிடும்) 105 டிகிரியை ஒட்டி. மோனோமர் குறையக் குறையக் கலவையின் கண்ணாடி மாற்ற வெப்பநிலை ஏறிக்கொண்டே வந்து, நீங்கள் வைத்திருக்கும் 60 டிகிரியைத் தொட்டதும் மோனோமர்கூட நகர முடியாமல் நின்றுவிடும். முடிக்க வேண்டுமென்றால் கடைசிக் கட்டத்தில் 105-க்கு மேல் படிப்படியாக ஏற்ற வேண்டும். மிச்ச மோனோமர் அந்தச் சூட்டில் கொதித்துக் குமிழ் கட்டும், அவசரப்படாதீர்கள்.

### இரண்டுக்கும் அசையவில்லை

காற்று உள்ளே போயிருக்கிறது. மாதிரி எடுக்கும்போது போயிருக்க வாய்ப்பு அதிகம். வரைபடத்தில் நின்ற புள்ளியும் நீங்கள் மாதிரி எடுத்த நேரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

## அறிகுறி 4: பாலிமர் வருகிறது, மூலக்கூறு எடை எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை

முதல் சந்தேகம் கருவியின் மேல். ஜிபிசியை (சங்கிலிகளை நீளவாரியாகப் பிரித்து எடை காட்டும் கருவி) பாலிஸ்டைரீன் தரங்களால் அளவுதிருத்தம் செய்துவிட்டு வேறு பாலிமரை ஏற்றினால் வருவது ஒப்பீட்டு எண் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு செய்முறையைத் திருத்தக் கூடாது.

அடுத்து துவக்கி. சங்கிலி நீளம் துவக்கி அடர்வின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். எடை இரட்டிப்பாக வேண்டுமென்றால் துவக்கியை நான்கில் ஒரு பங்காக்க வேண்டும், வேகம் பாதியாகும். இந்த விலையைக் கொடுக்கத் தயாரில்லாமல் "இரண்டும் வேண்டும்" என்று கேட்பவர்களுக்குச் சாதாரண ரேடிக்கல் பாலிமராக்கலில் பதில் இல்லை. பால்ம (எமல்ஷன்) முறைக்குப் போகச் சொல்லுவேன்: அங்கே ஒவ்வொரு நுண்துகளுக்குள்ளும் ஒரு ரேடிக்கல் தனியாக வளரும், இரண்டாவது உள்ளே வரும்வரை அதைக் கொல்ல ஆளில்லை.

வெப்பநிலையைக் கூட்டினாலும் எடை இறங்கும். ரேடிக்கல் பிறப்பு வளர்ச்சியைவிட வேகமாகக் கூடுவதால்.

இவை காரணமில்லை என்றால் சங்கிலி மாற்றம், அதாவது வளரும் சங்கிலி தன் ரேடிக்கலை வேறொன்றிடம் கைமாற்றிவிட்டு நிற்பது. கண்டுபிடிக்கும் விதம்: துவக்கியைக் குறைத்துக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் எடை ஏற மறுத்தால் கூரை தட்டிவிட்டது. சங்கிலியை வேறு யாரோ வெட்டுகிறார்கள். பிறகு கரைப்பானின் விகிதத்தைப் பாதியாக்குங்கள். எடை ஏறினால் வெட்டியது கரைப்பான். டொலுவீன் பெரும்பாலும் சாது. கார்பன் டெட்ராகுளோரைடு ஸ்டைரீனில் நன்றாகவே வெட்டும். ஐசோபுரப்பனால் அக்ரிலேட், அக்ரிலமைடு வகைகளில் கவனிக்க வேண்டியது.

தயோல் வேண்டுமென்றே போடப்பட்டிருந்தால், எந்த மோனோமருக்கு எடுத்த எண் என்று பாருங்கள். டோடெசேன்தயோலின் மாற்ற மாறிலி (சங்கிலியை வெட்டும் வேகத்தை அது வளரும் வேகத்தோடு ஒப்பிடும் எண்) 60 டிகிரியில் ஸ்டைரீனுக்கு 15-ஐ ஒட்டி, எம்எம்ஏவுக்கு 0.7 போல. எம்எம்ஏயின் அளவை அப்படியே ஸ்டைரீனுக்குத் தூக்கிவைத்தால் ஆரம்பத்தில் பொடிச் சங்கிலிகள் குவியும். தயோல் சீக்கிரமே தீர்ந்து, பின்பாதியில் நீளச் சங்கிலிகள் வரும். சராசரியைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. சங்கிலி நீளங்களின் பரவல் மட்டும் அகலமாக இருக்கும்.

ஒரு இடைக்குறிப்பு. சங்கிலிகள் இணைந்து நின்றால், மோனோமர் கொஞ்சமே மாறியிருக்கும் கட்டத்தில், பரவல் எண் (நீளங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 1.5-ஐ ஒட்டியும், ஹைட்ரஜன் பரிமாறி நின்றால் 2-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். ஸ்டைரீன் பெரும்பாலும் முதல் வகை, எம்எம்ஏ பெரும்பாலும் இரண்டாம் வகை. உங்கள் எண் 4, 5 என்று வந்தால் இரண்டுமே காரணமில்லை; அறிகுறி 5-க்கோ தயோலுக்கோ திரும்புங்கள். ஆனால் மெத்தனாலில் வீழ்த்திக் கழுவிய பிறகு ஏற்றிய மாதிரியில் இந்த எண்ணை நம்பாதீர்கள். குட்டைச் சங்கிலிகள் கழுவலோடு போயிருக்கும்.

மாற்றச் சேர்மம் எதுவென்று பிடிபடாமல் முடிவு தொகுப்புக்குத் தொகுப்பு மாறினால், முனைத் தொகுதிகளைப் பார்க்க, மூலக்கூறை ஆராயும் என்எம்ஆர் அல்லது மால்டி கருவி நிபுணரிடம் கொடுங்கள். வெட்டியவரின் துண்டு சங்கிலி முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

## அறிகுறி 5: சற்று நேரம் அமைதி, பிறகு திடீரெனச் சூடேறிக் கெட்டியாகிவிட்டது

இது நேர்மாறான பழுது. மற்ற இடங்களில் சங்கிலி சீக்கிரம் சாகிறது. இங்கே சாக மறுக்கிறது. பாகு தடிப்பேறியதும் நீளச் சங்கிலிகள் ஒன்றையொன்று தேடிப் போக முடியவில்லை, ஆனால் சிறிய மோனோமர் தாராளமாக வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. ரேடிக்கல்கள் குவிகின்றன, வேகம் ஏறுகிறது, வெப்பம் ஏறுகிறது, அதனால் துவக்கி இன்னும் வேகமாக உடைகிறது. டிராம்ஸ்டார்ஃப் விளைவு என்று பெயர். எம்எம்ஏவில் கரைப்பான் இல்லாவிட்டால் 20, 30 சதவீதத்திலேயே தலைகாட்டும். எம்எம்ஏ மோலுக்கு 56 கிலோஜூலை ஒட்டி வெப்பம் விடுகிறது, ஸ்டைரீன் 70-ஐ ஒட்டி, வினைல் அசிட்டேட் 88-ஐ ஒட்டி. தேன் பதத்தில் கலக்கி சுற்றாமல் நின்றுபோன குடுவையில் இந்த வெப்பம் வெளியேற வழியே கிடையாது.

இப்போது நடந்துகொண்டிருக்கிறதென்றால்: வெப்பமூட்டியை அணைத்து, ஃப்யூம் ஹூட் (ஆவி உறிஞ்சும் பெட்டி) கண்ணாடியை இறக்கி, விலகுங்கள். குடுவையைக் கையில் தூக்காதீர்கள். வெப்பநிலை மெதுவாக ஏறும் ஆரம்பக் கட்டம் மட்டும் என்றால், சூட்டுத் தொட்டியை இறக்கிப் பனித் தண்ணீரை ஏற்றலாம், தயாராக வைத்த தடுப்பான் கரைசலைச் சிரிஞ்சில் செலுத்தலாம். இதற்கு ஃபீனோதயசைனே சரி. ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். எம்இஎச்க்யூவை நைட்ரஜன் நிரம்பிய குடுவையில் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண் நம்பிக்கை. ஆவி பீறிட்டாலோ வெப்பநிலை நிமிடத்துக்கு நிமிடம் தாவினாலோ அறையை விட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையையும் பாதுகாப்பு அலுவலரையும் அழையுங்கள். அந்தக் கட்டத்தில் வினையைக் காப்பாற்ற முயல்வது யாருடைய வேலையும் அல்ல.

அடுத்த முறைக்கு, எளிதிலிருந்து: கரைப்பான் சேருங்கள். அளவைச் சுருக்குங்கள், 10 மி.லி.யில் அடங்கியது 500 மி.லி.யில் அடங்காது, பரப்பு கனஅளவோடு சேர்ந்து வளர்வதில்லை. வெப்பநிலையையும் துவக்கியையும் குறையுங்கள். கொஞ்சம் தயோல் சேருங்கள். சங்கிலி குட்டையானால் தடிப்பேறுவதும் தள்ளிப்போகும். மோனோமரைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுங்கள். லிட்டர் கணக்கில் செய்யத் திட்டமிட்டால் வினை விடும் வெப்பத்தை அளக்கும் (கலோரிமெட்ரி) பாதுகாப்புப் பொறியாளரின் கணக்கில்லாமல் தொடங்காதீர்கள்.

கட்டியை உடைத்து டொலுவீனிலோ டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) கரைப்பானிலோ ஊறப்போட்டால் கரையாமல் உப்பி மட்டும் நிற்கிறதென்றால், அது சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துகொண்ட குறுக்கிணைப்பு. மோனோமரில் இரட்டை வினைல் மாசு (இரண்டு சங்கிலிகளில் ஒரே நேரத்தில் சேரக்கூடியது) இருக்கிறதா பாருங்கள். ஹைட்ராக்சிஎத்தில் மெத்தக்ரிலேட்டில் எத்திலீன் கிளைகால் டைமெத்தக்ரிலேட் ஒளிந்திருப்பது தெரிந்த கதை. அக்ரிலேட்டுகளில் வினையை 90 சதவீதத்துக்கு முன்பே நிறுத்திப் பாருங்கள்.

## அறிகுறி 6: அடியில் கெட்டி, மேலே மட்டும் பிசுபிசு

புரத ஜெல் ஊற்றுபவர்கள், புறஊதாப் பூச்சு செய்பவர்கள், வார்ப்பு செய்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான பழுது. காற்றிலிருந்து ஆக்சிஜன் தொடர்ந்து இறங்கி மேல் அடுக்கின் சங்கிலிகளைப் பெராக்சி ரேடிக்கலாக்குகிறது. அது மோனோமரோடு ஏறக்குறைய வினைபுரிவதில்லை.

அக்ரிலமைடு ஜெல்லுக்கு மேல் ஐசோபுரப்பனாலையோ தண்ணீரால் செறிவுற்ற பியூட்டனாலையோ மெல்ல ஊற்றி மூடுங்கள். பூச்சுக்கு நைட்ரஜன் போர்வை, அல்லது தெளிவான படலத்தால் மூடுவது. அதற்கு மேல் விளக்கின் தீவிரத்தைக் கூட்டுவது, அமீன் சேர்ப்பது. வார்ப்பை மூடிய அச்சில் செய்தால் கதை முடிந்தது.

அக்ரிலமைடு ஜெல் மேலும் கீழும் எங்குமே இறுகவில்லை என்றால் இது அந்த அறிகுறி அல்ல, பெர்சல்ஃபேட் பழையது. இறுகாத கரைசலைக் கையுறையில்லாமல் தொடாதீர்கள், அக்ரிலமைடு நரம்பு நஞ்சு.

## அறிகுறி 7: ஜிபிசியில் இரண்டு முகடுகள், அல்லது தோள்

தோள் முக்கிய முகட்டின் இரண்டு மடங்கு எடையில் இருந்தால், கட்டுப்படுத்திய பாலிமராக்கலில் (சங்கிலிகளைச் சாகவிடாமல் சீராக வளர்க்கும் ராஃப்ட், ஏடிஆர்பி போன்ற முறைகள்) சங்கிலிகள் தங்களுக்குள் இணைகின்றன. ராஃப்ட்டில் துவக்கிக்கும் மாற்றக் காரணிக்கும் (சங்கிலிகளிடையே ரேடிக்கலைக் கைமாற்றும் சேர்மம்) உள்ள விகிதத்தைக் குறையுங்கள், 70, 80 சதவீத மோனோமர் மாறியதும் நிறுத்துங்கள். மோனோமர் தீரத் தீரச் சங்கிலிக்கு வளர எதுவும் இல்லை, இணைய மட்டும் ஆள் உண்டு.

இரண்டு மோனோமர்களை ஒரே சங்கிலியில் அடுத்தடுத்த தொகுதிகளாகக் கோக்கும்போது குறைந்த எடைப் பக்கம் வால் நீண்டால், முதல் தொகுதியிலேயே செத்த சங்கிலிகள் இரண்டாம் தொகுதியை ஏற்க மறுக்கின்றன. எடையில் ஒழுங்கே இல்லாத முகடு என்றால் பத்தியின் அழுக்காகவும் இருக்கலாம். வெறும் கரைப்பானை ஏற்றிப் பார்த்துவிட்டு வேதியியலைத் திட்டுங்கள். அதே முகடு வெறும் கரைப்பானிலும் வந்தால் கருவிப் பொறியாளரைக் கூப்பிட வேண்டியதுதான்.

## அறிகுறி 8: வினைக்கு வரும் முன், பாட்டிலிலேயே கெட்டிப்படுகிறது

நல்லெண்ணத்தில் செய்த காரியமாக இருக்கும்: "காற்றுப்படக் கூடாதே" என்று எம்இஎச்க்யூ கலந்த மோனோமரின் மேல்வெளியை நைட்ரஜனால் நிரப்பி வைத்திருப்பார்கள். மேலே சொன்னபடி அந்தத் தடுப்பானுக்கு ஆக்சிஜன் வேண்டும். தடுப்பான் உள்ள மோனோமரைக் காற்று இருக்கும்படி, மேலே கொஞ்சம் இடம் விட்டு, குளிரில், இருட்டில் வையுங்கள். தடுப்பான் நீக்கியதை அன்றைக்கே பயன்படுத்துங்கள். மிஞ்சினால் பழைய பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றாதீர்கள்.

அக்ரிலிக் அமிலம் தனி ரகம். 13 டிகிரியை ஒட்டி உறையும். உறையும்போது தடுப்பான் படிகத்துக்கு வெளியே ஒதுங்கித் திரவப் பகுதியில் சேரும்; முதலில் உருகும் பகுதியில் தடுப்பான் ஏறக்குறைய இல்லாமலும் போகலாம். அதனால் உறைந்த பாட்டிலை நீராவியிலோ வெந்நீரிலோ உருக்கவே கூடாது. அறை வெப்பத்தில், அல்லது 35 டிகிரியைத் தாண்டாத தண்ணீரில், அவ்வப்போது அசைத்து முழுவதும் உருக்கிக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும். பாதி உருகியதை மட்டும் வடித்தெடுக்கும் குறுக்குவழி வேண்டாம்.

பாட்டிலைத் தொட்டால் அறையைவிடச் சூடாக இருக்கிறது, அல்லது பக்கங்கள் உப்பியிருக்கின்றன என்றால் மூடியைத் திறக்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பாதுகாப்பு அலுவலருக்கு மோனோமரின் பெயரையும் அளவையும் சொல்லுங்கள்.